டிசம்பர்ல கேம்பிரிட்ஜ் வர்றீங்களா? முடிஞ்சா நவம்பர் கடைசியிலயே வந்துடுங்க

அக்கா, உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பொண்ணு கேம்பிரிட்ஜ்ல மாஸ்டர்ஸ் பண்றா, நீங்களும் சாரும் கோயமுத்தூர்ல இருந்து டிசம்பர் 15 வாக்குல வந்து நியூ இயர் வரைக்கும் இருக்கலாம்னு பிளான். கிங்ஸ் காலேஜ்ல டிசம்பர் 24 அன்னிக்கு நடக்கற கரோல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு வழிபாடு பத்தி கேள்விப்பட்டிருக்கீங்க, அதுக்கு டிக்கெட் எப்படி வாங்கறது, கர்நாடக சங்கீதம் மட்டுமே கேட்டு வளர்ந்த உங்களுக்கு அது ரசிக்குமா, சாமி வேறங்கறதால உள்ள விடமாட்டாங்களான்னு மூணு விஷயம் கேட்டிருக்கீங்க. நான் ரொம்ப வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஊர்க்காரங்க சேர்ந்து பாடற ஒரு கொயர்ல, அதாவது பாட்டுக் குழுவுல, ஆல்ட்டோங்கற நடுக்குரல் பாடறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல தேதி. டிக்கெட் இன்னும் போடலைன்னா தயவுசெஞ்சு மாத்துங்க, நவம்பர் கடைசி வாரமே வந்துடுங்க. ஏன்னா இங்க பாடற கொயர்ல பெரும்பாலும் எல்லாமே காலேஜ் கொயர், பாடறவங்க ஸ்டூடண்ட்ஸ், அவங்களுக்கு டெர்ம் டிசம்பர் முதல் வாரத்தோட முடிஞ்சுடும், முடிஞ்ச அடுத்த நாளே பெட்டியை கட்டிக்கிட்டு வீட்டுக்கு கிளம்பிடுவாங்க, நல்ல கொயரா இருந்தா லண்டன்லயோ வெளிநாட்டுலயோ கச்சேரி பண்ண போயிடும். நீங்க 15ஆம் தேதி வந்து இறங்கறப்போ முக்காவாசி சேப்பல், அதாவது காலேஜுக்குள்ளயே இருக்கற சர்ச், பூட்டிக் கிடக்கும். கிறிஸ்துமஸ் அன்னிக்கு யாருமே ஊர்ல இருக்க மாட்டாங்கங்கறதால ஸ்டூடண்ட்ஸ் நவம்பர் 25லயே பிரிட்ஜ்மஸ்னு ஒண்ணு கொண்டாடி முடிச்சுடுவாங்கன்னா பாத்துக்கோங்க. ஆக இந்த ஊரோட கிறிஸ்துமஸ் சீசன்ங்கறது உண்மையில நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும்தான். நவம்பர் 30க்கு கிட்ட வர்ற ஞாயிறு அட்வென்ட் சண்டே, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கற காலம் ஆரம்பிக்கற நாள், அதுக்கு முன்னாடி பின்னாடி ஒரு பத்து நாள், சாயங்காலம் ஆனா எந்தப் பக்கம் நடந்தாலும் ஏதோ ஒரு காலேஜ்ல யாரோ பாடிக்கிட்டு இருப்பாங்க, அதுல பாதிக்கு மேல காசே கிடையாது.

அட்வென்ட் கரோல் சர்வீஸ் எப்படி இருக்கும்னு சொல்றேன். நாலு மணிக்கு முன்னாடியே இங்க சூரியன் இறங்கிடும், சர்வீஸ் ஆரம்பிக்கறப்போ வெளிய கும்மிருட்டு. பல காலேஜ்ல உள்ளயும் லைட்டை எல்லாம் அணைச்சுடுவாங்க. எல்லார் கையிலயும் ஒரு சின்ன மெழுகுவத்தி, கீழ வட்டமா ஒரு அட்டை, மெழுகு கையில ஒழுகாம இருக்க. ஒருத்தரும் பேச மாட்டாங்க. பின்னாடி, மேற்குக் கடைசியில இருந்து ஒரே ஒரு குரல் ஆரம்பிக்கும், ஆளைப் பாக்க முடியாது, அதுக்கு மத்தவங்க எல்லாரும் சேர்ந்து பதில் பாடுவாங்க. அப்புறம் ஒரு மெழுகுவத்தியில இருந்து அடுத்ததுக்கு வெளிச்சம் கை மாறி வரும், கொயர் பாடிக்கிட்டே மெதுவா கிழக்குப் பக்கம் நடந்து வரும். ஒவ்வொருத்தரா நம்ம பக்கத்துல கடந்து போறப்போ அந்தந்த குரலை மட்டும் தனியா ஒரு செகண்ட் கேக்க முடியும், முதல்ல ஒரு பாஸ், அதாவது அடியில போற கனத்த ஆண் குரல், பின்னாடியே அதைவிட மேல போற ஒரு டெனர், அப்புறம் மறுபடி எல்லாம் ஒண்ணா கலந்துடும். எந்த ஆடிட்டோரியத்துலயும் இது கிடைக்காது. செயின்ட் ஜான்ஸ் காலேஜ்ல நடக்கற அட்வென்ட் சர்வீஸை 1981ல இருந்து பிபிசி ரேடியோவுல போடறாங்க, அதுக்கு முன்கூட்டியே டிக்கெட்டுக்கு எழுதிக் கேக்கணும். மத்த காலேஜ்ல சிலதுல டிக்கெட், சிலதுல நேரா போய் உக்காந்துக்கலாம், எல்லாம் அந்தந்த காலேஜ் சேப்பல் பேஜ்ல இருக்கும்.

சரி, உள்ள விடுவாங்களா. தாராளமா விடுவாங்க. என்ன மதம்னு யாரும் கேக்க மாட்டாங்க, நெத்தியில பொட்டு இருந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, சேலை கட்டிட்டு வந்தாலும் மேல நல்ல கோட்டு மட்டும் போட்டுக்கோங்க, அந்தக் கல்கட்டடத்துக்குள்ள கால்ல இருந்து குளிர் ஏறும். எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க, உக்காந்தா உக்காருங்க, முட்டி போடறது எல்லாம் உங்க இஷ்டம். ஃபோன் ஆஃப், ஃபோட்டோ எடுக்கக் கூடாது, முடிஞ்சதும் கை தட்டக் கூடாது. நம்ம ஊர்ல ஒரு நல்ல சங்கதி விழுந்தா அங்கயே "ஆஹா"ன்னு வாய் தானா வரும், இங்க அதை உள்ளயே வெச்சுக்கணும், இது கச்சேரி இல்ல, வழிபாடு.

டெர்ம் நாள்ல வந்தா நீங்க கட்டாயம் போக வேண்டியது ஈவ்ன்சாங். இதைத்தான் நான் எல்லாத்துக்கும் மேல வெப்பேன், கரோலுக்கும் மேல. சாயங்கால பிரார்த்தனை, முக்கால் மணி நேரம், முழுக்க முழுக்க பாட்டு. கிங்ஸ்ல டெர்ம் நாள்ல பொதுவா அஞ்சரை மணிக்கு, வாரத்துல பல நாள் நடக்கும், பகல்ல டூரிஸ்டா அதே சேப்பலுக்குள்ள போகணும்னா டிக்கெட் வாங்கணும், ஈவ்ன்சாங்குக்கு ஒரு பென்னி கிடையாது. கிங்ஸ் பரேட் ரோட்டுல இருக்கற மெயின் கேட்ல வரிசை நிக்கும், கொஞ்சம் முன்னாடி போயிட்டா நடுவுல இருக்கற மரத் தடுப்பைத் தாண்டி கொயர் நிக்கற பகுதிக்கே உக்கார விடுவாங்க, பையன்களோட நோட்டுல இருக்கற சுரம் தெரியற தூரத்துல. அந்தத் தடுப்பு 1530கள்ல செஞ்சது, எட்டாம் ஹென்ரியோட மனைவி ஆன் பொலின் பேரோட முதல் எழுத்தை அதுல செதுக்கி வெச்சிருக்காங்க, அந்த அம்மாவை 1536ல தலையை வெட்டிட்டாங்க, எழுத்து மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. அண்ணாந்து பாத்தா கல்லுல விசிறி விசிறியா விரிஞ்ச கூரை, 1512ல இருந்து 1515க்குள்ள ஜான் வாஸ்டெல்ங்கற மேஸ்திரி கட்டினது, இந்த வகைக் கூரையில உலகத்துலயே பெரிசு இதுதான். 80 அடி உயரம், 289 அடி நீளம். இதைச் சொல்றது அழகுக்காக மட்டும் இல்ல, சத்தத்துக்காக. ஒரு சுரத்தை நிறுத்தினதுக்கு அப்புறமும் அது சில செகண்ட் மேலயே சுத்திக்கிட்டு இருக்கும், நல்ல கண்டக்டர், அதாவது கொயரை முன்னாடி நின்னு நடத்தறவர், அது அடங்கற வரைக்கும் காத்திருந்துதான் அடுத்ததை ஆரம்பிப்பார்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி, கர்நாடக சங்கீதக் காதுக்கு இது ரசிக்குமா. ரசிக்கும், ஆனா நாம எதுக்குக் காத்திருக்கோமோ அது வராது. கமகம் இல்ல, மனோதர்மம் இல்ல, எல்லாம் எழுதி வெச்சது, ஒரு ராகத்தை விரிச்சுக்கிட்டே போறது இங்க கிடையாது. அதுக்குப் பதிலா ஒரே நேரத்துல நாலு வேற வேற மெட்டு ஓடும், உச்சத்துல ட்ரெபிள், அப்புறம் ஆல்ட்டோ, டெனர், பாஸ்னு. மேல கேக்கற மெட்டைத்தான் காது தானா பிடிச்சுக்கும், அதை விட்டுட்டு ஒரு பாட்டு முழுக்க அடியில போற பாஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்க, அடுத்த பாட்டுக்கு நடுவுல ஒரு குரலை எடுத்துக்கோங்க, ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் முழு பாட்டும் வேற மாதிரி கேக்க ஆரம்பிக்கும். சங்கீதங்கள், அதாவது பைபிள்ல வர்ற சாம்ஸ் பாடற இடம் நமக்கு சீக்கிரமே பழகிடும், விருத்தம் பாடற மாதிரிதான், தாளக் கட்டு கிடையாது, வார்த்தை போற போக்குல சுரம் நீளும் சுருங்கும். இந்தப் பக்கம் நிக்கறவங்க ஒரு வரி, எதிர்ப் பக்கம் நிக்கறவங்க அடுத்த வரின்னு மாத்தி மாத்தி வரும். பதினஞ்சு இருபது பேர் தாளமே இல்லாம எப்படி ஒரே நேரத்துல வார்த்தையை முடிக்கறாங்கன்னு கவனிங்க, தினமும் ஒண்ணா பாடினா மட்டும்தான் அது வரும். இன்னொண்ணு, கிங்ஸ்ல ஆல்ட்டோ பாடறது ஆம்பளைங்க, வளர்ந்த பசங்க, தொண்டையோட மேல் குரல்ல பாடுவாங்க, முதல் தடவை கேக்கறப்போ யார் பாடறாங்கன்னு கண்ணு தேடும்.

பாடற சின்னப் பசங்களைப் பத்தியும் சொல்லணும். கிங்ஸ்ல 16 பேர், அந்த எண்ணிக்கை காலேஜை 1441ல ஆரம்பிச்ச ஆறாம் ஹென்ரி ராஜா எழுதி வெச்ச சட்டத்துல இருந்து வர்றது. எட்டு வயசுல இருந்து பதிமூணு வரைக்கும், பக்கத்துலயே இருக்கற ஸ்கூல்ல தங்கிப் படிக்கறாங்க, கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிராக்டிஸ். மத்த பிள்ளைங்க எல்லாம் லீவுக்கு வீட்டுக்குப் போனதுக்கு அப்புறமும் இவங்க தங்கி, கிறிஸ்துமஸ் காலை சர்வீஸும் பாடிட்டுத்தான் அம்மா அப்பாவோட கிளம்புவாங்க. அந்தக் குரலுக்குப் பின்னாடி இவ்வளவு உழைப்பு இருக்குங்கறதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க.

இப்போ 24ஆம் தேதி. பைபிள்ல இருந்து ஒன்பது வாசகங்களும் நடுநடுவுல கரோல்களும்னு நம்ம ஊர் சிஎஸ்ஐ சர்ச்சுலயும் நடக்கறதைப் பாத்திருப்பீங்க இல்ல கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த முறை உலகம் பூரா பரவினது இந்த சேப்பல்ல இருந்து. ஆனா பொறந்தது இங்க இல்ல, கார்ன்வால்ல இருக்கற ட்ரூரோவுல, 1880 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, கதீட்ரல், அதாவது பிஷப்போட பெரிய சர்ச், கட்டி முடியாததால ஒரு தற்காலிக மரக் கொட்டகையில, பிஷப் பென்சன் நடத்தினது. கிங்ஸுக்கு வந்தது 1918. எரிக் மில்னர்-வைட்னு ஒருத்தர், முதல் உலகப் போர்ல ராணுவ சாப்ளினா, அதாவது பாதிரியாரா இருந்துட்டுத் திரும்பி வந்து அந்த வருஷம்தான் இங்க டீன், அதாவது சேப்பலுக்குப் பொறுப்பாளர் ஆனவர், போர் முடிஞ்சு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, காலேஜ்ல இருந்து போனவங்கள்ல எத்தனையோ பேர் திரும்பவே இல்ல. அவர் எழுதின ஆரம்பப் பிரார்த்தனையில, இன்னொரு கரையில, இன்னும் பெரிய வெளிச்சத்துல நம்மளோட சேர்ந்து சந்தோஷப்படறவங்களை நினைச்சுக்கோங்கன்னு ஒரு இடம் வரும். இன்னிக்கும் வருஷா வருஷம் அதைச் சொல்றாங்க. சும்மா பண்டிகைப் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை. செத்துப்போன பசங்களுக்காக ஆரம்பிச்சது இது.

1919ல இருந்து ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டிங்கற பாட்டோடதான் ஆரம்பிக்கும், முதல் சரணத்தை ஒரே ஒரு பையன் துணைக்கு ஆர்கன்கூட இல்லாம தனியா பாடுவான். யார் பாடறதுங்கறது அந்தப் பையனுக்கே கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது. நாலஞ்சு பேர் தயாரா நிப்பாங்க, ரேடியோவுக்கான சிவப்பு லைட் எரியறப்போ கண்டக்டர் ஒருத்தனைக் காட்டுவார், அவன் பாட வேண்டியதுதான். ராத்திரி முழுக்கத் தூங்காம பயந்துக்கிட்டு இருக்க வேண்டாம்னு இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான்னு எனக்கும் தோணுது. பிபிசி 1928ல இருந்து ஒலிபரப்புது, நடுவுல 1930 மட்டும் இல்ல. இரண்டாம் உலகப் போர் நடந்தப்போகூட விடல, பழைய கண்ணாடி எல்லாத்தையும் ஜன்னல்ல இருந்து கழட்டிப் பத்திரமா வெச்சுட்டு, அந்தக் குளிர்லயே பாடினாங்க, பாதுகாப்புக்காக எந்த இடம்னு மட்டும் ரேடியோவுல சொல்லல. வாசகங்களை முதல்ல ஒரு கொயர் பையன் படிப்பான், கடைசி, ஒன்பதாவதை காலேஜ் தலைவர் படிப்பார். சாயங்காலம் மூணு மணிக்கு ஆரம்பிக்கறப்போ அந்தப் பெரிய ஜன்னல்ல நீலமும் சிவப்பும் நல்லாத் தெரியும், நாலு மணி ஆகறதுக்குள்ள ஒவ்வொண்ணா கறுத்துப் போய் உள்ள மெழுகுவத்தி வெளிச்சம் மட்டும் மிஞ்சும்.

பழைய பாட்டு மட்டும்தான் பாடுவாங்கன்னு நினைக்காதீங்க. ஸ்டீஃபன் கிளியோபரி இங்க 1982ல இருந்து 2019 வரைக்கும் இயக்குநரா இருந்தார், அவர் 1983ல இருந்து வருஷம் ஒரு புதுக் கரோலை யார்கிட்டயாவது கேட்டு எழுத வாங்கற வழக்கத்தைக் கொண்டுவந்தார். எஸ்டோனியாவோட ஆர்வோ பேர்ட் 1990ல எழுதிக் குடுத்தது ஒரு நிமிஷம் சொச்சம்தான், இப்ப உலகம் முழுக்கப் பாடறாங்க. கிளியோபரிக்கு அப்புறம் வந்த டேனியல் ஹைடும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார். வருஷா வருஷம் புதுசா என்ன வருதுன்னு காத்திருந்து கேக்கற ஒரு கூட்டமே இருக்கு, நானும் அதுல ஒருத்தி.

டிக்கெட் விஷயம். முன்னாடி எல்லாம் அன்னிக்கு விடிகாலையில இருந்து, சிலர் முந்தின ராத்திரியில இருந்தே கேட்ல வரிசை நின்னு உள்ள போவாங்க, அந்த வரிசையே ஊர்ல பெரிய விஷயமா இருந்தது. இப்பக் கோயமுத்தூர்ல இருந்து வர்றவங்க அதை நம்பிக் கிளம்பாதீங்க. எப்படி இடம் குடுக்கறாங்கங்கறதை அந்தந்த வருஷம் காலேஜ் வெப்சைட்ல போடுவாங்க, செப்டம்பர்ல இருந்தே பாத்துக்கிட்டு இருங்க, ஆனா கேக்கறவங்க எண்ணிக்கைக்கு முன்னாடி சேப்பல் ரொம்பச் சின்னது, கிடைக்கலைன்னா மனசு ஒடஞ்சு போகாதீங்க. டிவியில வர்றது வேற நிகழ்ச்சி, அது டிசம்பர் முன்பாதியிலயே ரெக்கார்ட் பண்ணினது, ரேடியோவுல வர்றதுதான் லைவ். ஊர்ல இருக்கற உங்க சொந்தக்காரங்களும் நம்ம நேரம் ராத்திரி எட்டரைக்கு பிபிசியில கேக்கலாம்.

கிங்ஸ் மட்டும்தான் கேம்பிரிட்ஜ்னு வர்றவங்க எல்லாம் நினைக்கறாங்க, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். என் காதுக்கு செயின்ட் ஜான்ஸ் இன்னும் பிடிக்கும். ஜார்ஜ் கெஸ்ட்னு வேல்ஸ்காரர் ஒருத்தர் 1951ல இருந்து 40 வருஷம் அங்க இருந்தார், கிங்ஸ்ல குரல் வழவழன்னு பனி மாதிரி இருக்கும்னா, இவர் ஐரோப்பியப் பசங்களோட பாணியில நெஞ்சுல இருந்து வர்ற ஒரு கனத்தைக் கொண்டுவந்தார், அந்தக் குணம் இன்னும் அங்க இருக்கு. 2022ல இருந்து சின்னப் பொண்ணுங்களையும் வளர்ந்த பெண்களையும் அதே கொயர்ல சேத்துக்கிட்டாங்க, பல நூற்றாண்டுப் பழக்கத்தை மாத்தினது, ரொம்பச் சரியான முடிவு. அதுக்கு முன்னாடியே 2008ல செயின்ட் கேத்தரின்ஸ் காலேஜ் சின்னப் பொண்ணுங்களுக்குன்னே ஒரு கொயர் ஆரம்பிச்சுது, இந்த நாட்டுல காலேஜ் ஒண்ணுல அப்படி ஆரம்பிச்சது அதுதான் முதல். ட்ரினிட்டியில, நம்ம ராமானுஜன் 1914ல வந்து சேர்ந்த அதே காலேஜ்ல, ஆண் பெண் கலந்த கொயர் 1982ல இருந்து இருக்கு, அவ்வளவு சுத்தமா ஒட்டின ஸ்ருதி வேற எங்கயும் கேக்கறது கஷ்டம், உள்ள நுழையறப்போ நியூட்டன் சிலையையும் பாத்துடலாம். கிளேர் காலேஜ் கொயரை 1970கள்ல நடத்தினவர் ஜான் ரட்டர், இப்ப உலகத்துல கிறிஸ்துமஸ் சமயத்துல அதிகமா பாடற புதுக் கரோல்கள்ல பல அவரோடது.

டிசம்பர் 15க்கு அப்புறம்தான் வர முடியும்னா என்ன கிடைக்கும்? கச்சேரிகள். வெஸ்ட் ரோடு கான்சர்ட் ஹால் யுனிவர்சிட்டி மியூசிக் டிபார்ட்மென்ட்டோடது, சுமார் 500 பேர் உக்காரலாம், சத்தம் ரொம்பத் தெளிவா இருக்கும். கார்ன் எக்ஸ்சேஞ்ச் பெரிய இடம், பழைய தானிய மார்க்கெட் கட்டடம், ஊர்க் கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் அங்க பாடும். அப்புறம் ஊர் முழுக்க சர்ச்சுகள். அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்னு 1973ல கிறிஸ்டோஃபர் ஹாக்வுட் ஆரம்பிச்ச குழு இந்த ஊருதான், அந்தக் காலத்து வாத்தியங்கள்லயே, குடல் நரம்புத் தந்தியோட வாசிப்பாங்க. இவங்க ஹேண்டல்ங்கற இசையமைப்பாளரோட மெசையா, அதாவது ஏசுவைப் பத்தி கொயரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து பாடற பெரிய படைப்பு, வாசிக்கறாங்கன்னா யோசிக்காம டிக்கெட் வாங்குங்க. 1741ல 24 நாள்ல எழுதினது, 1742 ஏப்ரல்ல டப்ளின்ல ஈஸ்டர் சமயத்துலதான் முதல்ல பாடினாங்க, பின்னாடிதான் கிறிஸ்துமஸோட சேர்ந்துடுச்சு. முழுசா ரெண்டரை மணி நேரத்துக்குக் கிட்ட, இடைவேளை உண்டு. அதுல அல்லேலூயாங்கற பாட்டு வர்றப்போ நிறைய பேர் எந்திரிச்சு நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க. பகல்ல நேரம் இருந்தா ஃபிட்ஸ்வில்லியம் மியூசியம் போங்க, அனுமதி இலவசம், ஹேண்டல் கைப்பட எழுதின பக்கங்கள் அவங்ககிட்ட இருக்கு, எப்பவும் வெளிய வெச்சிருக்க மாட்டாங்க.

இது சின்ன ஊர்னு தோணும், ஆனா ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸோட முதல் சிம்ஃபனியை இங்கிலாந்துல முதல்ல வாசிச்சது 1877ல இங்கதான். ஸ்டூடண்ட்ஸ் நடத்தற மியூசிக்கல் சொசைட்டி 1843ல ஆரம்பிச்சது, அதோட 50ஆவது வருஷத்துக்கு 1893ல இசையமைப்பாளர்கள் சைக்கோவ்ஸ்கியும் சான்-சான்ஸும் இங்க வந்து டாக்டர் பட்டம் வாங்கிட்டுப் போனாங்க.

ஒரு நாள் ஈலிங்கற பக்கத்து ஊருக்குப் போயிட்டு வாங்க, ரயில்ல கால் மணி நேரம்தான். அங்க இருக்கற கதீட்ரல்ல தினசரி ஈவ்ன்சாங் ஸ்கூல் டெர்ம் கணக்குல நடக்கும், அதனால யுனிவர்சிட்டி மூடினதுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் கிடைக்கும், டிசம்பர் நடுவுல வர்றவங்களுக்கு இது பெரிய உதவி. அண்ணாந்து பாக்கற எட்டுப்பட்டைக் கோபுரத்துக்கு மரத் தூண்கள், 1300கள்ல வெட்டின ஓக் மரம்.

லண்டன்ல இருந்து வந்து போறதா இருந்தா கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல ஃபாஸ்ட் ட்ரெயின் பிடிங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடும். ஸ்டேஷன்ல இருந்து கிங்ஸ் வரைக்கும் அரை மணி நேரம் நடக்கணும், பஸ்ஸும் உண்டு. 24ஆம் தேதி சாயங்காலம் ட்ரெயின் சீக்கிரமே நின்னுடும், 25ஆம் தேதி இந்த நாட்டுல ட்ரெயினே ஓடாது, கடையும் பெரும்பாலும் மூடியிருக்கும், 26ஆம் தேதியும் ட்ரெயின் பெரும்பாலும் கிடையாது, அதனால அந்த மூணு நாளுக்கு எங்க தங்கறீங்க, என்ன சமைக்கறீங்கன்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க. அரிசி பருப்பு எல்லாம் மில் ரோட்டுல கிடைக்கும். டிசம்பர் முதல் சனிக்கிழமை அதே ரோட்டுல விண்டர் ஃபேர் நடக்கும், ரோட்டை மூடிட்டு பேண்டும் கொயரும் தெருவுலயே பாடுவாங்க.

கடைசியா ஒண்ணு, உங்க பொண்ணு எந்த காலேஜ்னு நீங்க சொல்லலை. ஒவ்வொரு காலேஜும் டெர்ம் முடியறதுக்கு முன்னாடி தன்னோட ஸ்டூடண்ட்ஸுக்குன்னு ஒரு கரோல் சர்வீஸ் வெக்கும், முடிஞ்சதும் உலர்ந்த பழம் வெச்ச மின்ஸ் பைங்கற பலகாரமும் சூடான மசாலா வைனும் குடுப்பாங்க, வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வரலாமான்னு அவளை இப்பவே சாப்ளின்கிட்ட கேக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க. காலேஜ் பேரைச் சொன்னீங்கன்னா அந்தக் கொயர் எப்படி, எங்க உக்காந்தா நல்லாக் கேக்கும்னு தனியா எழுதறேன்.